நீலவார்ச் செருப்பு

பரளச்சி,
ஜனவரி 22, வியாழன்.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் சுமையாவும் மாமியும் இங்கு நலம். தம்மாமில் குளிர் கூடிவிட்டது என்றீர்களே, அந்த இருமல் நின்றதா? போனில் கேட்டால் 'நல்லாருக்கேன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். இருமுகிறவர் சொல்லும் நல்லாருக்கேன் எனக்குத் தெரியாதா?

தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோம், இவள் எதற்கு நாலு பக்கம் எழுதி, லீவு முடிந்து சவூதி திரும்புகிற அஃப்ரீத் கையில் கொடுத்து விடுகிறாள் என்று யோசிப்பீர்கள். நீங்கள் போனில் பேசும்போது உங்கள் தலைக்கு மேல் கட்டிலிலிருந்து யாரோ ஒருவருடைய கால் தொங்கும். இந்தப் பக்கம் மாமி என் தோளோடு தோளாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காலுக்கும் இந்தத் தோளுக்கும் நடுவில் நான் எதைப் பேச? போன வாரம் நீங்கள், 'கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்குப் பேப்பர் குடுத்திருக்காக, மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும், நீ என்ன சொல்ற' என்று கேட்டீர்கள். நானும் 'உங்க இஷ்டம்' என்று சொல்லிவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அதற்கு வர எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் வீட்டுச் செய்தி. மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அருப்புக்கோட்டை டாக்டர் மாடிப்படி ஏறக்கூடாது என்றாராம். ஏறுவதற்கு நம் வீட்டில் மாடி எங்கே இருக்கிறது என்று மாமி அவரிடமே கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மாடி கட்ட நீங்கள் வாங்கிப்போடச் சொன்ன கம்பி கொல்லையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது, மழையில் ஓரமெல்லாம் துரு. சுமையாவுக்குக் கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. யாரையும் தொட விடுவதில்லை. நான் கிட்டே போனாலே வாயை மூடிக்கொண்டு ஓடுகிறாள்.

ஒரு வாரமாகவே கண்மாய்க் காட்டுக்குக் கூட்டிப்போ என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். தின்பதற்குக் கருவேலம்பிசின் எடுக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஞாயிறு காலை பசியாறியதும் கிளம்பினோம். பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லீவு நாளில் பை எதற்கு என்றால், 'வேணும்' என்றாள். சரி, பிசினைப் போட்டுக்கொள்ளத்தான் என்று விட்டுவிட்டேன். என் புத்தி அன்றைக்கு அவ்வளவுதான் வேலை செய்தது.

மச்சான், இந்த வருடம் காடு அத்தனை அழகாக இருக்கிறது. கண்மாயில் மடைப் பக்கம் இன்னும் இடுப்பளவு தண்ணீர். நாட்டுக் கருவேல மரங்கள் எல்லாம் கழுவிவிட்டது போல் நிற்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் பூ. இரண்டு பூவைப் பறித்து அவள் காதில் செருகிவிட்டேன். கம்மல் போட்ட பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டாமல் நடந்தாள். ஆட்டினால் விழுந்துவிடுமாம். தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று கீழே விழுந்து கிடந்தது. அதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, 'நான் பள்ளிவாசல் மோதினார்' என்று பாங்கு சொல்லிக் காட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் இரண்டு மயில் எழுந்து ஓடின. அவசரமே இல்லாத நடை. எனக்குச் சமையல் நினைப்புக்கூட வரவில்லை. கல்யாணம் ஆன புதிதில் நீங்களும் நானும் இந்த வழியாகத்தான் திருச்சுழி பஸ் பிடிக்கப் போவோம். நீங்கள் முன்னால் போய் முள்கிளையைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள், நான் கடந்த பிறகு விடுவீர்கள். அன்று சுமையாவுக்கு நான் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அவள் ஒவ்வொரு முள்ளாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். 'இது குத்துனா ரெத்தம் வருமா', 'பெரியாளுக்கும் வலிக்குமா', 'காலுல குத்துனா நடக்கவே ஏலாதா' என்று ஒரே கேள்வி. எனக்கும் ஒரு தடவை தைத்து மூன்று நாள் நொண்டினேன் என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

காட்டுக்கு நடுவே மேட்டில் பால்பாண்டி அண்ணன் கரிமூட்டம் போட்டிருந்தார். உங்களுக்குத் தெரியுமே, சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி மண் பூசி உள்ளே கனிய விடுவாரே, அவர்தான். மூட்டத்தின் உச்சியில் மெல்லிசாகப் புகை போய்க்கொண்டிருந்தது. புகையைக் கண்டதும் சுமையா என் கையை உதறிவிட்டு ஓடினாள். ஓடிப்போய் மூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்னால் இருந்த சாக்கையும் தூக்கிப் பார்த்தாள். அண்ணன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, 'என்ன தாயி, பையெல்லாம் தூக்கிட்டு எங்க பயணம்?' என்று கேட்டார். 'அத்தாவைக் கூப்பிட வந்தேன்' என்றாள்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அவள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தண்ணீர் பாட்டில் ஒன்று. பாதி பன் ஒன்று, எப்போது எடுத்து வைத்தாளோ, காய்ந்துபோயிருந்தது. அதற்கும் கீழே, செய்தித்தாளில் சுற்றி, உங்கள் நீலவார்ச் செருப்பு. ஆறு மாதமாகக் காணவில்லை, நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று நான் நினைத்திருந்த அதே செருப்பு. 'அத்தா செருப்புப் போடாம வந்துட்டாக. முள்ளு கெடக்குல்ல, அதான் வர முடியல' என்று அண்ணனுக்கு விளக்கமாகச் சொன்னாள்.

மச்சான், அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. நீங்கள் போன விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். பிள்ளையை எழுப்பாதே, வாசலில் அது அழுதால் போகிறவருக்குக் கால் வராது என்று மாமி சொன்னார்கள். நம் தெருவில் வெளிநாடு போகிற எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள், தூங்குகிற பிள்ளையைத் தாண்டித்தான் போகிறார்கள். நீங்கள் அவள் உள்ளங்காலைத் தொட்டுவிட்டு, டவுனில் வாங்கிய புது ஷூவை மாட்டிக்கொண்டு காரில் ஏறினீர்கள். அவள் எழுந்து வாசலுக்கு ஓடி வந்தபோது உங்கள் செருப்பு மட்டும் கிடந்தது. மூன்று வயது. 'அத்தா எங்க' என்றாள். 'கண்மாய்க் காட்டுக்கு வெறகு பாக்கப் போயிருக்காக, பொழுது சாய வந்துருவாக' என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு அவள் அழாமல் இருந்தால் போதும் என்று சொன்னது. சொன்னதை அன்றே மறந்துவிட்டேன். அவள் இரண்டரை வருடமாக மறக்கவில்லை.

பிறகு நீங்கள் ஒருநாள் போனில், கேம்ப்புக்கு வெளியே நிற்கிற மரத்தைக் காட்டி, 'இங்க பாரு சுமையா, நம்ம ஊரு கருவேலம் இங்கயும் நிக்கிது' என்றீர்கள் அல்லவா? அது போதாதா அவளுக்கு. சாயங்காலம் வாசற்படியில் நின்றுகொண்டு காட்டுப் பக்கமே பார்ப்பாள். மயில் பார்க்கிறாள் என்று இருந்துவிட்டேன். புகை பார்த்திருக்கிறாள். அத்தா சோறாக்குகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

பால்பாண்டி அண்ணன் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். குத்தவைத்து உட்கார்ந்து, 'இங்கன வரலையே தாயி. நான் விடிஞ்சதுலருந்து இங்கனதான கெடக்கேன். இது என் மூட்டத்துப் பொகை' என்று பெரிய மனிதரிடம் சொல்வது போலச் சொன்னார். அவள் அவரை நம்பினாள். என் பக்கம் திரும்பி, 'அப்ப அந்தக் கடைசிக்குப் போவோம்' என்றாள்.

வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்திருக்கலாம். இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தச் செருப்பைப் பார்த்த பிறகு முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மடை ஓரமாக நடந்து கரைமேல் ஏறினோம். மேலே ஏறினால் காடு அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் மக்காச்சோளம், அதைத் தாண்டி ரோடு, ரோட்டில் ஒரு பஸ். அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். 'இம்புட்டுத்தான் காடா' என்று கேட்டாள். காதில் இருந்த ஒரு பூ எங்கோ விழுந்திருந்தது.

அங்கேயே உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். அத்தா காட்டுக்குள் இல்லை, கடல் தாண்டி இருக்கிறார்கள், விமானத்தில் போனார்கள், அன்றைக்கு அம்மா பொய் சொல்லிவிட்டேன் என்றேன். பொறுமையாகக் கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். 'அப்ப அத்தாக்கு முள்ளு குத்தலையா' என்றாள். இல்லடா, அவுக ஷூ போட்டிருக்காக என்றேன். செருப்பின் வாரைத் தடவிக்கொண்டே, 'அப்ப ஏன் வரல' என்று கேட்டாள்.

மாடி கட்டுவதற்காக என்று சொல்லியிருக்கலாம் மச்சான். கொல்லையில் கிடக்கும் அந்தக் கம்பியை நினைத்தபோது எனக்கே அது வெட்கமாக இருந்தது. அத்தாவிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிக் கூட்டிவந்தேன். வரும் வழியில் பால்பாண்டி அண்ணன் இரண்டு உருண்டை பிசின் எடுத்து வைத்திருந்தார். வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளை எங்கே, பிள்ளை எங்கே என்று கேட்கிறீர்கள். தூங்குகிறாள், குளிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். அவள் கதவு ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வா, அத்தாவிடம் கேள் என்று கூப்பிட்டால், 'போனுல வேணாம், வந்தப்பறம் கேட்டுக்கிறேன்' என்கிறாள். கோபமாகச் சொல்லவில்லை. நீங்கள் வருவது உறுதி என்பது போலச் சொல்கிறாள், அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஆகவே 'உங்க இஷ்டம்' என்று நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என் இஷ்டத்தை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இருவர் மேலும் தப்பு. என் இஷ்டம் நீங்கள் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாமல் வருவது. இப்போது போட்டால் நீங்கள் வரும்போது அவளுக்கு ஏழரை வயது. அப்போது அவள் எதையும் கேட்கமாட்டாள். பாளையம்பட்டி மில் குடோனில், நீங்கள் அங்கே ஓட்டுவது போலவே ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் கேட்கிறார்களாம், விசாரித்துவிட்டேன். என் தையல் மிஷினும் சும்மா இல்லை. மாடி எப்போதாவது வரட்டும். டாக்டரே ஏறவேண்டாம் என்றுதானே சொல்லியிருக்கிறார். மாமியிடமும் நேற்று சொல்லிவிட்டேன். 'நாந்தான் அன்னைக்குப் பிள்ளைய எழுப்ப வேணாம்னேன்' என்றார்கள்.

கடிதத்தோடு அந்தச் செருப்பும் வருகிறது. அனுப்பச் சொன்னது அவள்தான், சுற்றிக் கட்டியதும் அவள்தான். பொண்டாட்டி செருப்பு அனுப்பியிருக்கிறாள் என்று உங்கள் அறைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அஃப்ரீத் பையில் இடமில்லை என்று ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்துவிட்டேன், அதற்குக் கோபிக்க வேண்டாம்.

உங்கள் உடம்பையும் கையையும் காலையும் அல்லாஹ் பத்திரமாக வைத்திருப்பானாக. ஷூவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நம் வாசலுக்கு வர அவனே வழி செய்வானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் பௌசியா

பி.கு.: பல் இன்னும் விழவில்லை. அத்தாதான் பிடுங்க வேண்டுமாம். ரொம்ப ஆடுகிறது மச்சான், அதிகம் போனால் அடுத்த மாதம் ரமலான் தலைநோன்பு வரை தாங்கும்.