புளித்த மண்ணும் பாயின் சுண்ணாம்பும்

பாய்,

இன்று காலை மேல்தோட்டத்தில் சுண்ணாம்புக்கல் பொடி வீசினார்கள். பனி விலகாத நேரம். பொடி ஈரத்தில் படிந்ததும் மழை தொட்ட கல்லின் மணம் வேலியைத் தாண்டி வந்தது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த மணம். வீசியவர் யார் தெரியுமா? உங்களை டீக்கடையில் நிற்க வைத்துக் கேலி செய்தாரே, அதே மேல்தோட்டத்துக்காரர். இப்போது மூட்டை இறக்குவதற்கு முன்னால் ஆய்வுக்கூடத்துக் காகிதம் கேட்கிறாராம். அவராகவே கண்டுபிடித்த வழக்கம் போலப் பேசுகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சிலோனிலிருந்து வந்தவள். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் படிப்பு. தேயிலை பறித்து முதுகு போன பிறகு எமரால்டு பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து கேரட்டும் கீரையும் போட்டேன். முதல் இரண்டு போகம் ஒன்றும் தேறவில்லை. ஊட்டி பஜாரில் உங்கள் உரக்கடைக்கு வந்து சண்டை பிடித்தேன். நீங்கள் கோபப்படவில்லை. "உரத்துல குறையில்லீங்க அக்கா, உங்க மண்ணு புளிச்சுக் கிடக்குது. முதல்ல அதச் சரி பண்ணுங்க" என்றீர்கள். இந்த மலை மண்ணுக்கே புளிப்பு, அதாவது அமிலம், அதிகம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சுண்ணாம்புப் பொடி போட்டேன். அடுத்த போகத்தில் கேரட் விரல் நீளம் தாண்டியது. அன்று முதல் நீங்கள் சொன்னால் கேட்பேன். அதற்கு முன்னும் பின்னும் நான் வேறு யார் சொல்லியும் கேட்டதில்லை.

லோடு வரும்போதெல்லாம் நாம் ஒன்று செய்வோம். நீங்கள் மூட்டையின் ஓரத்தைக் கிழித்து ஒரு பிடி அள்ளுவீர்கள். நான் மடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துப் பிழிவேன். நுரைத்தால் அசல் சுண்ணாம்பு. நுரைக்காவிட்டால் வெறும் வெள்ளை மண். சுற்றி நிற்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டிய பிறகுதான் மூட்டை இறங்கும். அதில் எனக்கு எவ்வளவு மிடுக்கு!

அந்தக் கெட்ட லோடும் நுரைத்தது பாய். நன்றாகவே நுரைத்தது. பிழிந்தவள் நான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அடுத்த போகத்தில் கோயமுத்தூர் வியாபாரி எங்கள் பக்கத்துக் கீரையைத் திருப்பி அனுப்பினார். அதில் காட்மியம் அதிகமாம். "அதென்ன, சாமி பேரா?" என்று நான் கேட்டதற்கு நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் முகம் வெளுத்திருந்தது. கடைக் கொல்லையில் கிடந்த காலி மூட்டைகளை உதறி, ஒட்டியிருந்த பொடியைச் சேர்த்து, உங்கள் செலவில் கீழே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனீர்கள். யாரும் கேட்கவில்லை. யாரும் உங்கள்மேல் சந்தேகப்படவும் இல்லை. பூச்சிமருந்து என்றார்கள், தண்ணீர் என்றார்கள். பேசாமல் இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும்.

அந்த லோடு கல் அரைத்த பொடி மட்டும் இல்லை. இடைத்தரகர் ஏதோ ஆலைச் சூளையின் தூசியைக் கலந்து தள்ளிவிட்டிருந்தார். காட்மியம், ஈயம் என்று நச்சு உலோகங்கள் எல்லாம் அதில் இருந்தன. எலுமிச்சம்பழம் சுண்ணாம்பு இருக்கிறது என்று சொல்லும்; கூட வேறென்ன இருக்கிறது என்று சொல்லாது. நம் இருவருக்கும் அது தெரியவில்லை.

நீங்கள் தோட்டம் தோட்டமாக ஏறினீர்கள். மழையில், அந்தப் பழைய ரப்பர் பூட்ஸோடு. டீக்கடையில் எல்லோரும் இருந்தபோது குடையை மடக்கிவிட்டுச் சொன்னீர்கள்.

"நான் வித்த சுண்ணாம்புதானுங்க. சரியாப் பாக்காம வித்துட்டேன். தப்பு என்னுதுங்க."

"எலுமிச்சை பிழிஞ்சது நான்" என்று எழுந்தேன். "நீங்க உக்காருங்க அக்கா, கடை என்னுது" என்று கையமர்த்திவிட்டீர்கள். அந்தத் தடவையும் உங்கள் பேச்சைக் கேட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனிச் சுண்ணாம்பே வேண்டாம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அங்கேதான் நீங்கள் பதறினீர்கள். உங்கள் சொந்த ஊர் சமவெளியில், சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த மண். அங்கே மழை பாறையைக் கரைத்துக்கொண்டு போகும், கரையாத மிச்சம் மண்ணாகத் தங்கும், அதில் இந்த உலோகங்களும் தங்கும் என்று ஆய்வுக்கூடத்துக்காரர் உங்களுக்கு விளக்கியிருந்தார். அதை நீங்கள் எங்களுக்குச் சொன்ன விதத்தை நான் மறக்கவில்லை.

"எங்க ஊரு மண்ணுல பொறப்புலயே இருக்குதுங்க. ஆனா சுண்ணாம்பு அத இறுக்கிப் புடிச்சு வெச்சுக்குது, பயிருக்கு லேசுல விடாது. உங்க மண்ணு புளிச்ச மண்ணு. கையை விட்டுரும். இப்பச் சுண்ணாம்ப நிறுத்தினா உள்ள போனதெல்லாம் கீரையில ஏறுமுங்க. சுத்தமான பொடியாப் பாத்துப் போடுங்க."

மேல்தோட்டத்துக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பார்றா, விஷத்த வித்தவரே மருந்தும் விக்கறாரு. ஏனுங்க பாய், இதுக்கும் ரேட்டு ஒண்ணுதானா?"

கடையே சிரித்தது. நீங்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தீர்கள்.

"எங்கிட்ட வாங்காதீங்க. வேற கடையில வாங்குங்க. காகிதம் கேட்டு வாங்குங்க. ஆனா போடுங்க."

சொன்னபடி உங்கள் கடையில் அதன் பிறகு சுண்ணாம்பு விற்கவே இல்லை. கேட்டு வந்தவர்களையும் எதிர்க்கடைக்கு அனுப்பினீர்கள். பாதி வாடிக்கை அதோடு போயிற்று. நான் தேயிலைத் தோட்டத்தில் எத்தனையோ துரைகளையும் கங்காணிகளையும் பார்த்தவள் பாய். தன் வாயால் தன் வியாபாரத்தை மூடிய ஆளை உங்களுக்கு முன்னால் பார்த்ததில்லை.

நான் போட்டேன். எதிர்க்கடையில் காகிதம் கேட்டேன். "சிலோன்கார அம்மா கலெக்டரு ஆயிட்டாங்க" என்றார்கள். காகிதம் வரும்வரை கடைவாசலை விட்டு நகரவில்லை. குன்னூரிலிருந்து நிலத்துக்காரர் வந்து, கெட்டுப்போன நிலத்தை வைத்து என்ன செய்யப் போகிறாய், விட்டுவிடு, சுற்றுலாக்காரர்களுக்குக் குடில் கட்டி வாடகைக்கு விடப் போகிறேன் என்றார். "ஒரு போகம் கொடுங்க. கேரட்டச் சோதிச்சுப் பாப்போம். கெட்டதுன்னா நானே மண்வெட்டியத் தூக்கிட்டுப் போயிடறேன்" என்றேன். கீரையை நிறுத்தினேன், இலைதான் காட்மியத்தை அதிகம் இழுக்கும் என்று படித்திருந்தேன். அந்தப் போகத்தில் நான் சரியாகத் தூங்கவில்லை. அந்த நிலம் போனால் எனக்குப் போக்கிடம் இல்லை.

கேரட் தேறியது. சோதனையில் காட்மியம் அளவுக்குள் இருந்தது. சுண்ணாம்பை நிறுத்திய மேல்தோட்டத்துக் கீரை மறுபடியும் திரும்பி வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் கடைக்கு ஓடி வந்தேன். இதை டீக்கடைச் சுவரில் ஒட்டுவேன் என்று குதித்தேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தீர்கள்.

"சந்தோசமுங்க அக்கா. ஆனா இது உங்க நிலத்துக்குத்தான். எந் தப்பு தப்புதான். ஒட்டாதீங்க."

ஒட்டினேன். உங்களிடம் சொல்லவில்லை.

உங்கள் மையத்தை அடக்கம் செய்த அன்று பள்ளிவாசல் வெளியில் நின்றவர்களில் இரண்டு பேர் அந்தக் கெட்ட லோடைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அதை நீங்களாகவே வந்து சொன்னீர்கள் என்பதை அவர்கள் பேசவில்லை. இன்றைக்கு இந்தப் பக்கத்தில் பலர் காகிதம் கேட்கிறார்கள், சுண்ணாம்பு போடுகிறார்கள். யார் சொன்னது என்று ஒருவரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். கேட்டாலும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

போன மாதம் என் மண்ணைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துச் சோதிக்கக் கொடுத்தேன். ரோட்டை ஒட்டிய பாத்தியில் மட்டும் ஈயம் கூடுதலாக இருந்தது. எத்தனையோ வருஷ வண்டிப் புகையாக இருக்கலாம். வியாபாரி அதைக் கேட்கவே இல்லை. கேரட்டை ஏற்ற வண்டியோடு வந்து நின்றார். நான் அந்தப் பாத்தியைக் காட்டி, இதை எடுக்காதீர்கள், இதில் ஈயம் இருக்கிறது, இனி இதில் பூச்செடிதான் வைக்கப் போகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருமே கேக்கலியேம்மா. நீங்களா எதுக்குச் சொல்றீங்க?"

மேல்தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

"நான் சுண்ணாம்பு வாங்கின கடை அப்படி."