கழுவிய போத்தல்

செப்டம்பர் 18, 1956 – செவ்வாய்

மருந்துக்கு முப்பத்தொரு பேர். விளக்கெண்ணெய் தீர்ந்துவிட்டது. இருமல் மருந்து வாங்க மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்த இரண்டு பேருக்கு நல்ல ஏச்சு. வழக்கம்போல நானே கிருமிகொல்லி லைசோல் விட்டுக் கழுவிக் கொடுத்தேன்.

பத்து மணிக்குப் புதுச் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். இரகுநாதன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இருபத்தாறு வயது இருக்கலாம். மோட்டார் சைக்கிள் வேறு. மூக்கு முதலில் வருகிறது, ஆள் பின்னால் வருகிறார். நடை வாத்து நடை. கீழ் லயத்து வரிசைவீட்டுச் சனம் எல்லாம் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. நான் இந்தத் தோட்டத்து மருந்துக்காரனாக வந்த அன்று ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"லயங்களுக்குத் தண்ணி எங்கையிருந்து வருது, ஐயா?" என்று கேட்டார்.

ஓடையிலிருந்து என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. இவர் வந்த அரை மணி நேரத்தில் கேட்டுவிட்டார்.

என் பெண்சாதி அகஸ்டினா அவருக்குச் சுடச்சுட ரொட்டியும் சம்பலும் கொடுத்தாள். எனக்குக் காலையில் சுட்டு ஆறிப்போனது.

செப்டம்பர் 19

அகஸ்டினா இன்று மூன்று தடவை 'அந்தத் தம்பி' என்றாள். எண்ணினேன்.

அக்டோபர் 4 – வியாழன்

மத்தியானம் கொட்டோ கொட்டென்று மழை. உடனே ரப்பர் ஸ்டோரில் மதகைத் திறந்தார்கள். பால் உறைய விட்ட அசிட் தண்ணீர், ஸ்டோர் கக்கூஸ் தண்ணீர் எல்லாம் ஒரே தொட்டியில்தான் விழுகிறது. வெயில் நாளில் பூட்டிவைப்பார்கள். மழை கொட்டும்போது திறந்து மழைக்கான் வாய்க்காலில் விட்டுவிடுவார்கள். வெள்ளத்தோடு வெள்ளமாகப் போய்விடும், கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கான் விழும் ஓடையில்தான் சற்றுக் கீழே தண்ணீர் கொட்டும் பீலி இருக்கிறது. கீழ் லயத்தில் நூறு பேர் அங்கே குளிக்கிறார்கள், குடத்தில் பிடித்துக்கொண்டும் போகிறார்கள்.

இன்னும் இரண்டு நாளில் இரத்த வயிற்றோட்டம் வரும். 1949இல் தோட்டத்து மேலாளர் துரையிடம் சொன்னேன். மருந்தைக் கொடுப்பது உன் வேலை, தண்ணீரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். இந்த நாட்குறிப்பில் மட்டும் எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 6

ஒன்பது பேர். சொன்னேன் அல்லவா?

அக்டோபர் 11 – வியாழன்

இன்ஸ்பெக்டர் துரைக்கு முறைப்படி கடிதம் போட்டுவிட்டுப் பீலித் தண்ணீர் பார்க்க வந்தார். நல்ல வெயில். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. குந்தி இருந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். ஓடையில் அழுக்கு விடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். நிரூபிக்க அழுக்குத் தண்ணீர் வேண்டுமாம்.

மழையில் வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்? சொன்னால் அவர் கண்டுபிடித்ததாகிவிடும். பத்திரிகையில் அவர் படம் வரும்.

அக்டோபர் 13

கீழ் லயத்து அந்தோனிமுத்துவின் பெண்சாதி ஓடி வந்து ஒரு புதினம் சொன்னாள்: "டாக்டரையா, தண்ணிய கொதிக்க வச்சுக் குடிக்கணுமாங்க. இன்ஸ்பெக்டரு சொன்னாரு!"

இருபத்திரண்டு வருஷமாக நான் என்ன, குரைத்துக்கொண்டா இருந்தேன்?

அக்டோபர் 22 – திங்கள்

யாரோ அவரிடம் மழை விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அகஸ்டினாவாகத்தான் இருக்கும். கேட்டால், "ஆமா, நான்தான் சொன்னேன். நீங்க சொல்லலையே" என்கிறாள்.

இரண்டு போத்தல்களோடு வந்தார். "மழைக்கு என்ர மோட்டச்சைக்கிள் இந்த மலை ஏறாது, ஐயா. நீங்கள்தான் பிடிச்சு அனுப்ப வேணும். கொழும்பில கிருமி பாப்பினம். ஆனா போத்தலைக் கழுவிக் கிழுவிப் போடாதேங்கோ. அது சுத்தம் செய்தது."

எனக்குப் போத்தல் பாடம்! நேற்றுப் பிறந்த பயல்! சரி என்று தலையாட்டினேன்.

அக்டோபர் 27 – சனி

மழை. மூன்று மணிக்கு மதகு திறந்தது. பீலித் தண்ணீர் பழுப்பு, நாற்றம். இரண்டு போத்தலையும் லைசோல் விட்டுக் கழுவி, பிடித்து, மூடி, ஜௌபரின் பஸ்ஸில் இன்ஸ்பெக்டரின் அப்புத்தளைக் கந்தோருக்கு ஏற்றிவிட்டேன். கழுவாத போத்தலில் நான் இன்றுவரை ஒன்றும் ஊற்றியதில்லை. அவருக்காக மாற்றிக்கொள்ள வேண்டுமா?

நவம்பர் 9 – வெள்ளி

கொழும்பிலிருந்து முடிவு வந்துவிட்டது. கிருமி ஒன்றும் இல்லை! இன்ஸ்பெக்டர் முகம் தொங்கிப்போயிற்று. நல்ல பெயருள்ள தோட்டத்தின் மேல் வீண்பழி போட்டதாகத் துரை மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று அவருக்கு உத்தரவாம்.

சந்தோஷப்பட்டேன். என்னுடைய நாட்குறிப்பில் நான் ஏன் பொய் எழுத வேண்டும்? இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

கை கழுவும்போதுதான் அந்த லைசோல் வாசம் மூக்கில் ஏறியது. போத்தலில் ஒரு சொட்டு ஒட்டியிருந்தால்? கிருமி எல்லாம் செத்திருக்குமே... சே. ஓடைத் தண்ணீர் விட்டு ஒரு தடவை அலசினேன். அலசினேனா?

நவம்பர் 14

மழை. மதகு திறந்தது.

நவம்பர் 16

பதினேழு பேர். அந்தோனிமுத்துவின் மகள் மரியகொரட்டிக்குக் கடுமை. மூன்று வயது. பிறந்தபோது தலைகீழாகத் தூக்கித் தட்டி அழவைத்தது நான்தான். இரண்டு மணிக்கு ஒருதரம் உப்புத் தண்ணீர் கொடுக்கிறேன். நிற்கவில்லை.

நவம்பர் 18 – ஞாயிறு

மரியகொரட்டி. காலை ஆறு மணி.

நவம்பர் 19

அடக்கம். மழை விடவில்லை. அந்தோனிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "கொதிக்க வச்சுத்தாங்க குடுத்தோம், டாக்டரையா. பீலியில குளிக்கிறப்ப வாயில போயிருச்சோ என்னமோ." என்னிடம் மன்னிப்புக் கேட்பது மாதிரி நின்றான்.

இன்ஸ்பெக்டர் உத்தரவை மீறி வந்தார். கீழ் ரோட்டிலிருந்து நாலு மைல் நடந்து, தொப்பலாக. அகஸ்டினா குடை கொடுத்தாள். என் குடை. குழியருகில் நின்றுகொண்டு, என் குடை அவர் கையில் இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன மனுஷன் நான்!

போகும்போது கேட்டார்: "நான் எங்கை பிழை விட்டனான், ஐயா?"

எனக்குத் தெரியும். மழை வலுக்கிறது, பார்த்துப் போங்கள் என்றேன்.

நவம்பர் 30 – வெள்ளி

நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். அப்புத்தளையில் அவருடைய கந்தோரில், நின்றபடியே. லைசோல், போத்தல், எல்லாம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு பதுளைக் கோர்ட்டில் வழக்குப் போடுவதைப் பற்றிச் சொன்னார். மதகு திறக்கப்படுவதே இல்லை என்று துரை சத்தியம் செய்வார். திறந்த நாளும் நோய் வந்த நாளும் எழுதிய ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது. ஜனவரி தொடங்கிப் பதினான்கு மழை. எல்லாம் இந்த நாட்குறிப்பில்.

திகதிகளை மட்டும் வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். "அப்பிடி எண்டால் நேற்று எழுதினது எண்டு அவையின்ர சட்டத்தரணி சொல்லுவார். எழுதின மூலப் புத்தகமே வேணும், ஐயா."

வீட்டுக்கு வந்து முழுவதும் படித்தேன். மூக்கு இருக்கிறது. வாத்து இருக்கிறது. இரண்டு தடவை சோறு சாப்பிட்டது இருக்கிறது. கிழித்தால் கிழித்த தடம் தெரியும்.

அகஸ்டினாவிடம் சொன்னேன். "என்னைப் பத்தியும் எழுதியிருக்கீங்களா?"

"ஆமா."

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டாள். "பரவாயில்ல. குடுங்க."

நாளைக்கு ஜௌபரின் பஸ்ஸில் நானே கொண்டுபோகிறேன். ஒரு பக்கமும் கிழிக்கவில்லை.

மார்ச் 2, 1957 – சனி

நாட்குறிப்பு திரும்பி வந்துவிட்டது. பின்பக்கம் வெற்றுத்தாள் இருப்பதால் இதிலேயே எழுதுகிறேன்.

தீர்ப்பு போன வாரம். தொட்டித் தண்ணீரை மழைக்கானில் விடக்கூடாது. தனிக் குழி வெட்டி மண்ணில் வடியவிட வேண்டும். மதகுக்குச் சீமெந்து பூசியாயிற்று. கோர்ட்டில் நாட்குறிப்பை வாசித்தார்கள். போத்தல் கழுவியதையும் சேர்த்துத்தான். லயத்து ஆட்கள் பின்வரிசையில் நின்று கேட்டார்கள். துரை என் பற்றுச்சீட்டைக் கையில் தந்து வேலையிலிருந்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். கோர்ட்டுக்குப் பயந்து இருக்க விட்டிருக்கிறார். பத்திரிகையில் இன்ஸ்பெக்டர் படம் வந்தது. என் பெயர் இல்லை. வந்திருந்தால் என்னவென்று போட்டிருப்பார்கள்?

மழை நாட்களுக்கெல்லாம் அவர் சிவப்புப் பென்சிலில் கோடு போட்டிருக்கிறார். லைசோலுக்கு இரண்டு கோடு. ரொட்டி, குடை, மூக்கு, ஒன்றிலும் கை வைக்கவில்லை. வாத்து நடைக்குப் பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில்: 'வலது முழங்கால். எட்டு வயதில் பனையால் விழுந்தது.'

அந்தக் காலோடுதான் நாலு மைல்.

மார்ச் 9 – சனி

வியாழன் பெரிய மழை. இன்றைக்கு மருந்துக்கு ஆறு பேர். எல்லாம் இருமலும் காய்ச்சலும். வயிற்றோட்டம் ஒன்றுகூட இல்லை. பீலியில் பிள்ளைகள் குளிக்கும் சத்தம் இங்கே கேட்கிறது.

'அந்தத் தம்பி' ஒரு தடவை. இன்னும் எண்ணுகிறேன்.

காலையில் அந்தோனிமுத்து ரோட்டில் வந்தான். பெண்சாதிக்கு இருமல் என்று நேற்றே கேள்விப்பட்டு, மருந்து கலந்து வைத்திருந்தேன். கையில் போத்தலோடுதான் வந்தான். வாசலுக்கு நேரே வந்தபோது தலையைக் குனிந்து, "வாறேங்க" என்றான். நிற்கவில்லை. கொஸ்லந்தை ஆஸ்பத்திரிக்கு மூன்று மைல் நடந்து போனான்.