கண்ணீரில் இருந்த கூப்பாடு

அன்பு மகள் நசிமியுவுக்கு,

புங்கோமாவிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் தம்பியும் சுகம், சிவப்புப் பசுவும் சுகம், எங்களைவிட அதற்குத்தான் நல்ல சாப்பாடு. ஒசாகாவில் பனி கொட்டுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையில் உன் பெயரைப் பார்த்தேன், மற்றதெல்லாம் எனக்குப் பூச்சி ஊர்ந்த மாதிரிதான் இருந்தது, ஆனாலும் பாதிரியாரிடம் காட்டினேன், தக்காளிக்காரியிடம் காட்டினேன், மினி பஸ் கண்டக்டரிடமும் காட்டினேன். பசுவுக்கு மட்டும்தான் இன்னும் காட்டவில்லை என்று உன் தம்பி கிண்டல் செய்கிறான். எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதை எதற்கு மறைக்க வேண்டும்.

கூடவே நீ எனக்காக எழுதியிருந்த விளக்கத்தைப் பத்துத் தடவை படித்தேன். கண்ணில் தூசி பட்டதும் உடம்பின் காவல் அணுக்கள் ஒன்றையொன்று கூப்பிடச் சில பொருள்களைச் சுரக்கின்றன, சில பிள்ளைகளுக்கு அந்தக் கூப்பாடு அடங்குவதே இல்லை, மேலும் மேலும் அணுக்கள் வந்து குவிந்து இமைக்கு அடியில் கூழாங்கல் போல வீங்கிக் கருவிழியையே புண்ணாக்கிவிடுகின்றன, நோய் முற்றிய பிள்ளைகளின் கண்ணீரில் அந்தப் பொருள்கள் எவ்வளவு கூடுதல் என்று நீ அளந்து காட்டியிருக்கிறாய். நம் சந்தையில் யாராவது திருடன் என்று கத்தினால் எல்லோரும் கம்போடு ஓடிவந்து, திருடனே இல்லாத இடத்தில் கடைகளை மிதித்துத் துவைத்துவிடுவார்களே, அதுதானே இது? நான் புரிந்துகொண்டது சரியா என்று எழுது.

அது புரிந்ததால்தான் போன வாரம் ஒரு காரியம் நடந்தது. கர்ப்பிணிகள் தின்னும் மண்கட்டியை என்னிடம் வாங்க வருகிற நெலிமா, அவளும் வாயும் வயிறுமாகத்தான் இருக்கிறாள், தன் ஏழு வயது மகள் நஞ்சாலாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குக் கண் பழுப்பேறி நீர் வடிந்துகொண்டிருந்தது. "கண்ணப் பாருக்கா, மண்ணு தின்ன கண்ணு, உன் மூட்டையிலதான் கை வச்சிருக்கா" என்று எல்லோர் முன்னாலும் பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தாள். சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். மண் தின்றால்தான் பிள்ளைகளுக்குக் கண் இப்படி ஆகும் என்று நானும் இத்தனை காலம் சொல்லிவந்தேனே. கிட்டே போய்ப் பார்த்தால் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. நீ எழுதியிருந்த கருவிழிப் புண் இதுதான் என்று தெரிந்துவிட்டது. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இருவரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் அந்தக் கண் போயிருக்கும் என்றார் கண் டாக்டர். இப்போது புண் ஆறி வருகிறது, பார்வைக்குப் பயமில்லையாம். இது மண் தின்பதால் வருவதில்லை என்று உங்களுக்கு யாரம்மா சொன்னது என்று அவர் கேட்டார், என் மகள் என்று சொல்லி உன் முழுப் பெயரையும் இரண்டு தடவை சொன்னேன். திரும்பி வந்து சந்தை நடுவில் நின்று, "நானும் என் மகள இதுக்காகத்தான் அடிச்சேன், கையக் கட்டிப்போட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமலே அவ இடது கண்ண மங்க விட்டுட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை மும்முரத்தில் கண்ணைக் கசக்கிவிடாதே. ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். அன்றைக்குக் கட்டிய கையோடு நீ அழுதபடி, "நான் தின்னலம்மா" என்றாய், நான் பதில் சொல்லவில்லை. நீ தின்னவில்லை, மகளே.

உன் அம்மா,
ரோடா நஃபுலா