பத்துக்கு ஏழு

போன ஞாயிற்றுக்கிழமை இடைவேளையில் முட்டை பப்ஸ் வாசனை வந்ததும் நான் இடது பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே யாரோ ஒரு பெண் தன் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இதுவரைக்கும் அஞ்சுக்கு மூணரை" என்று சொல்ல வாயெடுத்தவள், அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டேன். இடைவேளையில் ஐந்துக்குத்தான் மார்க் போட வேண்டும், மீதி ஐந்தைப் படம் முடிந்த பிறகுதான் தொட வேண்டும் என்பது நீ வகுத்த சட்டம். நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. இன்னும் அந்தச் சட்டத்தை மீறி ஒரு படமும் பார்த்ததில்லை.

படம் கடைசியில் எட்டரையில் வந்து நின்றது. அப்பாவும் மகளும் ஒரே தேர்வுக்குச் சேர்ந்து படிக்கிற கதை. அப்பாவாக வந்தவர் கடைசிவரை அழவில்லை, நம்மைத்தான் அழவிட்டார். முதல் பாதியில் சம்பந்தமே இல்லாமல் பனிமலையில் ஒரு பாட்டு வந்தது. ஒன்றரை மார்க் அங்கே போனது.

நீ என் கணவரின் தங்கை. உனக்கும் எனக்கும் ஒரே வயது. அதனால் அண்ணி என்று கூப்பிட்டாலும் வா, போ என்றுதான் பேசுவாய். கல்யாணமாகி இரண்டே வருடத்தில், அந்த வீடு சரிப்படாது என்று நீயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு செஞ்சிக்குத் திரும்பி வந்தாய். நாங்கள் எல்லோரும் உன்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினோம், காய்ச்சலில் கிடப்பவளிடம் பேசுவதுபோல. நீயோ அதே மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். முதல் விடுமுறை நாளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நல்ல புடவை கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாய்.

"அண்ணி, கெளம்பு. படத்துக்குப் போலாம்."

வாசலில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். "எங்க கெளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?"

"படத்துக்கு, நைனா."

கோயிலுக்கு என்றோ ஜவுளிக் கடைக்கு என்றோ சொல்லியிருந்தால் அவர் நாலு கேள்வி கேட்டிருப்பார். உள்ளதைச் சொன்னதில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. "வெயிலு அதிகமா இருக்குது. கொட எடுத்துக்குனு போங்க" என்றார்.

திரும்பி வரும்போது, படம் எப்படி என்று கேட்டாய். நல்லா இருந்தது என்றேன். நீ நடுத்தெருவில் நின்றுவிட்டாய்.

"நல்லா இருந்துதுன்றது கருத்து இல்ல அண்ணி. அது விருந்துக்கு வந்தவங்க சொல்ற மரியாதை. மார்க் சொல்லு. ஏன்னு சொல்லு."

அன்று என்னிடம் மார்க்கும் இல்லை, ஏனும் இல்லை. அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வீட்டில் குழம்பு எப்படி இருக்கிறது என்று நான் மற்றவர்களைக் கேட்பேன். எனக்கு எப்படி இருக்கிறது என்று யார் கேட்டார்கள்?

அதன்பிறகு வாரம் ஒரு படம், மாதம் இரண்டு புத்தகம். கிளை நூலகத்திலிருந்து ஆளுக்கொன்று எடுத்து, படித்து, மாற்றிக்கொள்வோம். கதாநாயகன் கை நீட்டிய பிறகு கதாநாயகிக்கு அவன்மேல் காதல் வந்தால் நீ அங்கேயே இரண்டு மார்க்கைக் குறைத்துவிடுவாய். நான் அழுதுவிட்டு மார்க்கைக் கூட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டாய். "வெங்காயம் உரிச்சாலுந்தான் கண்ணுல தண்ணி வருது. அதுக்கு மார்க் போடுவியா?" புத்தகம் படித்துக்கொண்டே சோறு அடிபிடித்துவிட்டால் மட்டும் அந்தப் புத்தகத்துக்கு ஒரு மார்க் கூடுதல். உன் அண்ணன் தீய்ந்த சோற்றைத் தள்ளி வைக்கும்போது நீ என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய்.

மருந்து வாங்க வரும் பெண்கள் உன்னிடம் மார்க் கேட்கத் தொடங்கினார்கள். தலைவலி மாத்திரையோடு, "இந்தப் படத்துக்குப் போலாமா?" என்ற கேள்வியும் வரும். பிறகு அவர்களை எல்லாம் சேர்த்துக் கைப்பேசியில் ஒரு குழு வைத்தாய். வாரக் கடைசியில் உன் குரலில் மார்க் போகும். அவலூர்பேட்டை, அனந்தபுரம் பெண்கள்கூடச் சேர்ந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பேசச் சொன்னால் கையை ஆட்டிவிட்டு எழுந்துவிடுவேன்.

அந்தத் தண்ணீர் லாரிப் படம் வந்த வெள்ளிக்கிழமைதான் எல்லாம் மாறியது. கணவன் இறந்த பிறகு, ஐம்பது வயதில் ஒரு பெண் அவன் ஓட்டிய தண்ணீர் லாரியை ஓட்டக் கற்றுக்கொள்கிற கதை. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அரங்கில் அங்கங்கே சிலர்தான். படத்தைவிட மின்விசிறிச் சத்தம் அதிகமாகக் கேட்டது. வெளியே வந்ததும் நீ ஒன்பது என்றாய். உன் வாயிலிருந்து ஒன்பது வந்து நான் கேட்டதில்லை. ஆனால் வாசலில் மேனேஜர் போஸ்டரைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"நாளையோட எடுத்துடறம்மா. ஆளே இல்ல."

"ஞாயித்துக்கெழம மேட்னி மட்டும் ஓட்டுங்க. பொம்பளைங்க நாங்க ரொப்பறோம்."

"ரொப்பலன்னா?"

"ரொப்பலன்னா நான் மார்க் போடறதயே வுட்டுடறேன்."

அவர் சிரித்தார். ஆனால் உன் மார்க்கைக் கேட்டுவிட்டுத்தான் பாதிப் பெண்கள் வருகிறார்கள் என்று அவருக்கும் தெரியும். சரி என்றார்.

சனிக்கிழமை காலை உனக்குக் குரலே வரவில்லை. சில வாரங்களாகவே கரகரத்துக்கொண்டிருந்த தொண்டை அன்று அடியோடு மூடிக்கொண்டது. கைப்பேசியை என்னிடம் நீட்டினாய். நான் மறுத்தேன். உனக்காகப் பேசுவதே பெரிய பாடு, இதில் வேறொரு சிக்கலும் இருந்தது.

"எனக்கு அது ஒம்போது இல்ல. ஏழுதான்."

உனக்கு முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. காற்றாக வந்த குரலில் சொன்னாய்: "அப்ப ஏழுன்னே சொல்லு. ஏன்னும் சொல்லு."

உன் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்களே ஏழு போட்டுட்டு வாங்க வாங்கன்னா எவ வருவா? ஊரே சிரிக்கப்போவுது."

நான் பொத்தானை அழுத்தினேன். பேசியது அப்படியே நினைவிருக்கிறது. "நான் அவளோட அண்ணி பேசறேன். அவளுக்குத் தொண்ட கட்டிக்கிச்சி. அவ மார்க் ஒம்போது. என் மார்க் ஏழு. ரெண்டாவது பாதியில கோர்ட்டு சீனு இழுக்குது, மூணு மார்க் அங்க போச்சி. ஆனா அந்தம்மா மொத தடவ வண்டிய எடுக்கற எடத்துல நான் என் கால அழுத்தினேன். என் காலுக்குக் கீழ ஒண்ணும் இல்ல, வெறுந்தரை. அதுக்காக வாங்க. நாளைக்கி ஒரே ஷோதான்."

ஞாயிறு மத்தியானம் நாம் போனபோது தியேட்டர் வாசலில் யாரும் இல்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். பிறகு அனந்தபுரம் பக்கமிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அவலூர்பேட்டை பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி, வழி கேட்டு, வேகவேகமாக நடந்து வந்தது. நூறு நாள் வேலைக்குச் சேர்ந்து போகும் பெண்கள், காலேஜ் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரிகள். ஒரு பெரியம்மா மலைக்கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்த தன் விருந்தாளிகளைப் பாதியில் இறக்கிக் கூட்டி வந்திருந்தாள். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "ஏழு போட்ட அண்ணி யாரு?"

இருக்கைகள் நிறைந்தன. மேனேஜர் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வரச் சொன்னார். கடைசி நாற்காலிக்கும் ஆள் வந்த பிறகு, டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றவர் உன் அண்ணன். அந்தம்மா லாரியைக் கிளப்பிய நிமிடத்தில் அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. உனக்குக் குரல்தான் போயிருந்தது, விசில் போகவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து நீ அடித்த விசிலில் முன்வரிசைக் குழந்தை விழித்துக்கொண்டது.

வெளியே வரும்போது பெண்கள் வாசலிலேயே நின்று சண்டை போட்டார்கள். ஒருத்தி எட்டு என்றாள், ஒருத்தி ஐந்துகூடத் தேறாது என்றாள், கோர்ட்டு காட்சிதான் படத்தின் உயிர் என்று ஒரு காலேஜ் பெண் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். நீ மதில்மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் படம் அடுத்த வாரமும் ஓடியது.

உனக்கு வந்தது வெறும் தொண்டைக்கட்டு இல்லை என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த மாதங்களைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. உனக்கும் பிடிக்காது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். ரயில்வே கேட்டைத் திறந்து மூடும் பெண்ணைப் பற்றிய அந்த நாவலை நாம் அங்கேதான் படித்தோம். நான் ஒன்பது, நீ ஆறு. அதற்குள் உனக்குக் குரல் கரகரப்பாகத் திரும்பியிருந்தது.

"எல்லாருமே நல்லவங்களா இருக்காங்க அண்ணி. அப்படியாப்பட்ட ஊர்ல கத எதுக்கு?"

"படுத்துக்குனு நல்லவங்கள திட்டாத. அவ கேட்ட மூடறப்ப மனசு பதறுது பாரு, அதுக்கே நாலு மார்க்."

சத்தம் கேட்டு நர்ஸ் வந்துவிட்டாள். "இன்னா சண்டை இங்க?"

"ஆறா ஒம்போதான்னு, சிஸ்டர்" என்றாய். அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். சில நாள் கழித்து உனக்கு ஊசி போட வந்தபோது, எட்டு என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். எங்களை விட்டுப் போகிற வாரத்தில்கூட நீ அந்த ஆறை மாற்றவில்லை. நானும் ஒன்பதை மாற்றவில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

உன் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு, குழுவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானே பேசினேன். இன்றுவரை ஒரு வாரமும் விடவில்லை. எவ்வளவோ பேர் இப்போது கேட்கிறார்கள். உன் அப்பா கைப்பேசியை உரக்க வைத்துக் கேட்டுவிட்டு, தெருவில் போகிறவர்களிடம் என் மார்க்கைத் தன் மார்க்காகச் சொல்கிறார்.

இந்தப் பொங்கலுக்கு ஒரு படம் வந்தது. நம் கோட்டையிலேயே எடுத்தது. ஊர் முழுக்கப் பேனர். நம் மலையைப் பெரிய திரையில் பார்க்கப்போகிறோம் என்று எல்லோருக்கும் பூரிப்பு, எனக்கும்தான். போய்ப் பார்த்தால் ராஜகிரி அடிவாரத்தில் ஒட்டகம் நடக்கிறது. கதாநாயகிக்கு வேலை, படிக்கட்டில் ஓடுவதும் விழுவதும் மட்டுமே. நாலு போட்டேன். விடியற்காலை வெளிச்சத்தில் அந்தப் பாறைகளை ஒருமுறை காட்டினார்கள், அந்த நாலும் மலைக்குத்தான், படத்துக்கு இல்லை என்றும் சொன்னேன்.

மறுநாளே நாலைந்து இளைஞர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். நம்ம ஊர்ப் படத்துக்கு நம்ம ஊர்க்காரியே குறைத்துப் போடலாமா, மாற்றிப் பேசச் சொல்லுங்கள் என்று உன் அப்பாவிடம் சொன்னார்கள். நான் கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் உன் அண்ணன் கேட்டருகில் போய் நின்றார்.

"அவ காரணம் சொல்லித்தான மார்க் போட்டா? நீங்க உங்க மார்க்க சொல்லுங்க. காரணமும் சொல்லுங்க. குழுவுல போடச் சொல்றேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவன், "ஒட்டகம் கொஞ்சம் ஓவர்தான் அக்கா" என்றான். மற்றவர்கள் அவனை முறைத்தார்கள். அப்புறம் உட்கார்ந்து, காப்பி குடித்து, சண்டைக் காட்சிகளுக்காக ஏழரை என்று அவர்கள் மார்க்கைப் பதிவு செய்துவிட்டுத்தான் போனார்கள். அதையும் அனுப்பினேன்.

அவர்கள் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. எந்தப் படம் பார்த்தாலும், நீ இதற்கு என்ன போட்டிருப்பாய் என்று முதலில் யோசித்துவிட்டுத்தான் இத்தனை நாளும் என் மார்க்கைச் சொல்லிவந்தேன். இந்த முறை அப்படி யோசிக்கவே இல்லை. கேட்டைத் தாளிட்டுவிட்டு வந்துதான் யோசித்துப் பார்த்தேன். ஊர்ப் பாசத்தில் நீ ஆறு போட்டிருப்பாயோ என்னவோ. போட்டிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு நாலுதான். ஏன் என்று கேள், சொல்கிறேன்.