முப்பது பிள்ளையாருக்கு எத்தனை நாள்

20.2.1973, செவ்வாய்

நீயே சொல்லு கொளஞ்சியப்பா, சாமி, வாய் என்று ஒன்றை வைத்துப் படைத்துவிட்டு, காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் அதைப் பூட்டி வை என்றால் எப்படி? கைக்குத்தானே அங்கே வேலை. வாய் என்ன பாவம் செய்தது? இரு, முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் உனக்கும் புரியாது, நாளைக்குப் படித்தால் எனக்கும் புரியாது.

எங்கள் பீங்கான் பட்டறைக்குப் புதுசாக ஒரு சூப்பர்வைசர் வந்து எட்டு நாள் ஆகிறது. பெயர் நடராசன். பெண்ணாடத்தில் சர்க்கரை மூட்டைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவராம். மாசி மகத்தன்று ஊரே ஆற்றில் நிற்கும்போது, அவர் மட்டும் பட்டறையில் உட்கார்ந்து அச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார். உழைக்கிற பிள்ளை என்று அப்போது நினைத்தேன்.

பட்டறையில் நாங்கள் பதினோரு பெண்கள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மை, உண்டியல், ஜாடி எல்லாவற்றுக்கும் பிசிர் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். கை தானாக ஓடும். வாய்க்குத்தான் நான் கணக்குப் போடுவேன். சிலேட்டுக் கணக்கு இல்லை. கேட்கும்போது கூட்டு, பெருக்கு என்று ஆளை இழுக்கும். இழுத்த பக்கம் போனால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். விடை கேள்விக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். இந்தக் கணக்குக்கு அது போதும்.

இன்றைக்குப் பூவாயி வேலையிலேயே தூங்கி வழிந்தாள். அவளை எழுப்ப ஒன்று கேட்டேன்.

“சூளையில ஒரு பிள்ளையாரச் சுட்டு ஆறவச்சு எடுக்க மூணு நாளு. அதே சூளையில முப்பது பிள்ளையார ஒன்னா வச்சா எத்தனி நாளு?”

பூவாயி வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல். “தொண்ணூறு.”

நடராசன். கக்கத்தில் நோட்டு. சரியாகச் சொன்ன பிள்ளை மாதிரி முகம்.

பூவாயிக்குத்தான் முதலில் தாங்கவில்லை. “ஒவ்வொருத்தரா உள்ள போறதுக்கு அது என்னா சார், ரேசன் கடையா? எல்லாப் பிள்ளையாரும் ஒரே நெருப்புலதான வேவுறாரு. மூணே நாளு.”

பதினோரு பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் சுவரில் ஒரு அட்டை. ‘வேலை நேரத்தில் பேசக் கூடாது.’ கூடாது என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

21.2.1973

பேசினேன்.

24.2.1973, சனி

வேலை போயிற்று. போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். நிறுத்தி வைத்திருக்கிறார்.

நான்கு நாளாக அட்டையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. இன்று காலையில் அவரே என் பலகை முன்னால் வந்து நின்றார்.

“ஒங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியும். அட்டையில எழுத்து அழகா இருக்குது.”

“அப்புறம் ஏன் பேசறீங்க?”

“கை நின்னுச்சான்னு பாருங்க சார். பலகையில அடுக்கினத எண்ணிக்குங்க. கை நின்னிருந்தா வாய மூடிக்கறேன்.”

அவர் எண்ணவில்லை. எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. நான் கட்டின கணக்குகளிலேயே நல்லது ஒன்று இருக்கிறது, அதை எடுத்து விட்டேன். “சார், நீங்க கணக்குல புலி. இதச் சொல்லுங்க. பத்து விரல் ஒசரத்துல ஒருத்தன் உள்ள போனான். வெளிய வரும்போது ஒம்போது விரலு. எவனும் வெட்டல, எவனும் தேய்க்கல. அந்த ஒரு விரல எங்க விட்டான்?”

பட்டறையில் இது எல்லோருக்கும் தெரியும். பச்சை மண் சூளைக்குள் போனால் சுருங்கும். பத்து விரல் பொம்மை வேண்டுமென்றால் பதினோரு விரலுக்கு அச்சு எடுக்க வேண்டும். அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் காது மடல் சிவந்துவிட்டது.

“இது பட்டறையா, கோயில் மண்டபமா?”

“பதில் சொல்லட்டுமா சார்?”

“ஒம் பதிலும் வேணாம், நீயும் வேணாம்.” நீ என்றார். என் வயசில் பாதி இருக்காது. “இனிமே பேசலன்னு, கேலி பண்ணது தப்புன்னு கடுதாசி எழுதிக் குடுத்துட்டு உள்ள வா.”

பஞ்சைப் பிழிந்து வைத்தேன். கையைக் கழுவினேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். எழுதுவேனா? நான் எழுதுவேனா?

25.2.1973

புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள் நான். வந்த நாளிலிருந்து என் சோற்றுக்கு இந்த வீட்டில் கை நீட்டினதில்லை. பட்டறைதான் அதற்குக் காரணம். அது எனக்குத் தெரியும், தம்பி பெண்டாட்டி காசியம்மாளுக்கும் தெரியும். அவள் கெட்டவள் இல்லை. இன்று சோறு போடும்போது, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கிங்க அண்ணி” என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி உபசாரம் பண்ணினதே கிடையாது. எனக்கு நானே போட்டுக்கொள்கிறவள் நான். அந்தக் கரண்டியைப் பார்த்ததும் போதும் என்று கையைக் கழுவிவிட்டேன்.

தம்பி மகள் கமலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அத்த, நாலு வரிதான. நான் எழுதறேன், நீ கையெழுத்து மட்டும் போடு.”

“எழுதத் தெரியாமயா உக்காந்திருக்கேன்? எழுத மாட்டேன்னு உக்காந்திருக்கேன். போய்ப் படி.”

27.2.1973, செவ்வாய்

மணவாளநல்லூருக்கு நடந்தே வந்தேன், உன்னிடத்துக்கு. பிராது கட்டினேன்.

மனுஷன் கோர்ட்டுக்குப் போக முடியாதவர்களுக்கு நீதானே கோர்ட்டு. காகிதத்தில் எழுதியது உனக்கே தெரியும், இருந்தாலும் இங்கேயும் இருக்கட்டும்: ‘கொளஞ்சியப்பர் சந்நிதானத்துக்குச் சொர்ணாம்பாள் எழுதிக்கொண்டது. நடராசன் என்கிறவர் என் வேலையை நிறுத்தினார். நான் தப்புச் செய்யவில்லை. அவர் கணக்குத்தான் தப்பு என்பது பட்டறை முழுக்கத் தெரிய வேண்டும்.’

குருக்கள் அதை உன் காலடியில் வைத்து, விபூதியோடு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டேன். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு வரும் என்றார். தொண்ணூறு என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சன்னிதியில் சிரித்தது தப்பு. அதற்கு வேண்டுமானால் உன்னிடம் மன்னிப்பு. அவரிடம் இல்லை.

2.3.1973

ஒன்றுமில்லை. உளுந்து புடைத்தேன். முறத்தோடு எத்தனை நேரம் பேசுவது?

6.3.1973, செவ்வாய்

சாயங்காலம் பூவாயி வந்தாள். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு வந்து காதோடு சொன்னாள். “அக்கா, வேடிக்கையப் பாக்கணும் நீ.”

விஷயம் இதுதான். போன தையில் சுட்டு வைத்த ஊறுகாய் ஜாடி நானூறு, கிடங்கில் மூடி இல்லாமல் நிற்கிறது. மூடி அச்சு உடைந்து போனது. நடராசன் தானே போய், சுட்ட ஜாடியின் வாயை நூல் போட்டு அளந்து, அதே அளவுக்குப் புது அச்சு எடுக்கச் சொல்லியிருக்கிறார். பச்சை மூடி தயாராகிப் பலகை பலகையாகக் காய்கிறதாம். அவர் ஒன்றை எடுத்து ஜாடிமேல் வைத்துப் பார்த்து, “கச்சிதம்” என்றாராம்.

கச்சிதம்தான். சுட்ட ஜாடி இனிமேல் சுருங்காது. பச்சை மூடி சுருங்கும். சூளையிலிருந்து வந்தால் நானூறு மூடியும் நானூறு ஜாடிக்குள் விழும்.

“நீங்க யாரும் சொல்லலியா?”

“பேசக் கூடாதுன்னு அட்ட மாட்டியிருக்குதே அக்கா.” கண்ணைச் சிமிட்டினாள். “வியாழக்கெழம சூளையில வைக்கறாரு. ஒம் பிராது பலிச்சிடுச்சி.”

அவள் போய் வெகு நேரம் ஆகிறது. காசியம்மாள் விளக்கேற்றி ரெண்டு தரம் என்னைப் பார்த்துவிட்டாள்.

பலித்துவிட்டதா? நீ இப்படித்தான் தீர்ப்புச் சொல்லுவாயா? முதலாளி கடலூரிலிருந்து வருவார். உடைந்ததற்கும் உதவாததற்கும் கூலி கிடையாது என்பார். பூவாயிக்கும் மற்றவர்களுக்கும்தான் அடி. அது ஒன்று.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னமோ நான் தர்மத்துக்காக யோசிக்கிறேன் என்று நினைக்காதே. அந்தக் கணக்கப் போட்டது நானு. பதில் சொல்லட்டுமான்னு கேட்டதும் நானு. வேணாம்னு வெரட்டிட்டாரு. இப்ப சூளை போயி அவருக்குப் பதில் சொல்லும்னா, நான் எதுக்கு? என் கணக்குக்கு விடைய நான்தான் சொல்லணும். நெருப்புக்கு என்னா உரிமை?

7.3.1973, புதன்

போனேன்.

எட்டு மணிக்கு முன்னாலேயே கேட்டில் நின்றேன். அவர் சைக்கிளில் வந்தார். இறங்கினார்.

“கடுதாசி கொண்டாந்தீங்களா?” இன்றைக்கு ‘ங்க’ போட்டார்.

“இல்ல. பதில் கொண்டாந்தேன்.”

“என்னா பதில்?”

“பத்து விரலுக்கு. நீங்க கேக்காம அனுப்பிட்டீங்க.”

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார். நான் கேட்டை விட்டு நகரவில்லை. பின்னால் எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து நின்றுவிட்டார்கள். சைக்கிள் போக வழியில்லை.

“சார், நான் உள்ள வரல. ஒரு காரியம் மட்டும் செய்ங்க. அந்த உண்டியல் அச்சுல எடுத்த பச்ச உண்டியல் ஒன்னு, சுட்ட உண்டியல் ஒன்னு. ஒரே அச்சு. ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க, அந்த ஒரு விரலு எங்கன்னு.”

என்ன நினைத்தாரோ, சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் நின்றோம். திரும்பி வரும்போது ரெண்டு கையிலும் உண்டியல். கேட்டுக் கட்டைச் சுவர்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பச்சை உண்டியல் அண்ணன் மாதிரி, சுட்டது தம்பி மாதிரி நின்றது. குனிந்து பார்த்தார். விரலால் அளந்தார். மறுபடியும் அளந்தார்.

“சுருங்குது,” என்றார். யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொன்னார். அப்புறம் முகம் வெளுத்துவிட்டது. “மூடி.”

“ஆமா. மூடி.”

அவர் பெண்களைப் பார்த்தார். “ஒங்க எல்லாருக்கும் தெரியுமா?”

பூவாயி சொன்னாள். “தெரியும் சார்.”

“ஒருத்தர்கூடவா சொல்லல?”

“பேசக் கூடாதுன்னீங்க சார்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

“சுடாத மண்ணு சார்,” என்றேன். “தண்ணியில போட்டா ராத்திரிக்குள்ள கரைஞ்சிடும். மறுபடி மண்ணுதான். ஒன்னும் போவல. அச்ச மட்டும் பெருசா எடுக்கணும், பத்துக்குப் பதினொன்னு.”

அவர் நிமிர்ந்தார். “உள்ள வாங்க” என்றார்.

“கடுதாசி?”

“அது அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறமும் இல்ல சார். இப்பவே சொல்லிடுங்க. கடுதாசி உண்டுன்னா நான் இப்படியே வூட்டுக்குப் போறேன். மூடிக்கு வழி சொல்லியாச்சு, நீங்க பாத்துக்குவீங்க.”

பத்துப் பெண்களும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சைக்கிளை எடுத்தார், பெல்லை ஒரு தரம் அடித்தார். “வேண்டாங்க” என்றார்.

போய் என் பலகையில் உட்கார்ந்தேன். பஞ்சு காய்ந்து கல்லாக இருந்தது.

9.3.1973

உன்னிடம் வந்து பிராதை வாபஸ் வாங்கினேன். குருக்கள், “பத்தே நாள்ல தீந்துடுச்சாம்மா?” என்றார். தீந்துச்சு சாமி, நானும் கொஞ்சம் கை குடுத்தேன் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. உனக்கு?

31.3.1973, சனி

சூளை பிரித்தார்கள். மூடிகள் ஜாடிமேல் சரியாக உட்கார்ந்தன. ஏழு மட்டும் விரிசல். நடராசன் ஒவ்வொரு மூடியாக வைத்து எடுத்து வைத்து எடுத்து, நானூற்றையும் தானே பார்த்தார். யாரையும் தொட விடவில்லை.

அட்டை இன்னும் சுவரில் இருக்கிறது. அதே ஆணியில் பூவாயி ஈரத் துணியைக் காயப் போடுகிறாள். அவர் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. நான் கணக்குப் போடும்போது அந்தப் பக்கமாக ஏதோ தேடுகிற மாதிரி வந்து நிற்கிறார். விடை சொல்வதில்லை. போகும்போது உதடு அசைகிறது.

அன்றைக்கு அவருக்கு ஏன் அத்தனை கோபம் என்று இன்று நினைத்துப் பார்த்தேன். புது இடம். தெரியாத தொழில். பதினோரு பொம்பளைகள் சிரித்தால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? இருக்கட்டும். அதற்காக நான் இறங்கி வரப்போவதில்லை. நாளைக்கும் கேட்பேன்.

பத்து விரல் கணக்கு நான் கட்டினது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், இந்த நோட்டிலும் எழுதிவிட்டேன். இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. அது எனக்கு முன்னாலேயே பட்டறையில் இருந்த வீரம்மாள் என்னிடம் கேட்டது. இப்போது சேத்தியாத்தோப்பில் மகனோடு இருக்கிறாள். நான் பட்டறைக்கு வந்த ரெண்டாம் நாள் அது. எவனாவது திருடியிருப்பான் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ரெண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லி நான் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை.