ஒரே நாற்றம் வீசிய இரண்டு சட்டைகள்

இன்று கல்லூரிச் சோதனைச்சாலையில் ஒரு புட்டியைத் திறந்தேன். ஸ்பிரிட், அசெட்டிக் அமிலம், ஃபார்மலின் மூன்றும் கலந்த நெடி கண்ணை எரித்தது. உன் சட்டையின் வாடை. நீ போன பிறகும் அது போகவில்லை.

தாவரவியல் படித்த நாளில் நாம் இருவரும் மாமல்லபுரத்து மணலில் படரும் அடும்புக் கொடியின் இலை வெட்டப் போனோம். வெட்டிய கையோடு இந்த மூன்றும் கலந்த மருந்தில் போட வேண்டும் என்பாய். ஸ்பிரிட் மட்டும் என்றால் செல்லின் உள்ளிருப்பது சுருங்கிச் சுவரை விட்டு விலகிவிடும். அமிலம் அதை உப்பவைத்துச் சரிக்கட்டும். ஃபார்மலின் இறுக்கிப் பிடிக்கும். அந்த இலையைச் சீவி நுண்ணோக்கியில் வைக்கும் ஒரே ஒரு ஸ்லைடை நம்பி உன் பரீட்சை இருந்தது.

சவுக்குத் தோப்பிலிருந்து மதுவிலக்குப் போலீஸ்காரர் வந்தார். வீடு எங்கே என்றார். சேரி என்றாய்.

"புட்டியில இன்னாடா, சாராயமா?"

"இலைய ஊற வெக்கிற மருந்து சார். குடிச்சா இங்கியே செத்துடுவேன்."

"வாய ஊது."

ஊதினாய். ஒன்றும் கிடைக்காமல் புட்டிக்குள் மூக்கை விட்டார். கண்ணீர் கொட்டியது. ஆத்திரத்தில் மருந்தை மணலில் கவிழ்த்துவிட்டு, என் சட்டைக் கழுத்தில் தெரிந்த பூணூலைப் பார்த்துச் சொன்னார்: "சாமி, நீங்க இவனோட இன்னாத்துக்குச் சுத்திகினு கீறீங்க?" நான் கத்தியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செங்கல்பட்டு பஸ்ஸில் நீ சிரித்தாய். "அவரு மூக்கு இனிமே அழுகிப் போவாதுடா. நல்லா பதம் பண்ணிட்டோம்." பிறகு கேட்டாய்: "ஆமா அய்யரே, உன் சட்டயிலயும் அதே நாத்தந்தானே? உன்ன ஏன் ஊதச் சொல்லல?"

இலைகள் வழியிலேயே வாடிவிட்டன. அடுத்த வாரம் தனியாகப் போய் மறுபடி வெட்டி வந்தாய். பரீட்சையில் தேறினாய். வேலை கிடைக்குமுன் காமாலை வந்து உன்னைக் கொண்டுபோனது.

"குடிச்சுக் குடிச்சு ஈரல் போயிடுத்து. சட்டையெல்லாம் நாறுமே" என்றார்கள் எங்கள் தெருவில். ஒரு சொட்டும் தொடாதவன் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கேட்டுக்கொள்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், மறுநாள் அதையே பேசுகிறார்கள்.

உன் ஸ்லைடு என்னிடம்தான் இருக்கிறது. சவரக்கத்தியால் கையால் சீவியது. ஒரு செல்கூடச் சுருங்கவில்லை, சீவல் எங்கும் தடிக்கவில்லை. குடிக்கிற கை இப்படிச் சீவாது. இதைப் பார்க்கத் தெரிந்தவர் எங்கள் தெருவில் யாருமில்லை.

மாலையில் அந்த நெடியோடுதான் தெருவில் நடந்து வந்தேன். வாசலில் நின்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். "காலேஜ் மருந்தா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

என்னை இன்னும் யாரும் ஊதச் சொல்லவில்லை.