ஆறு வாளி செப்புக் காசு

டெல்பர்ட்,

அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது, சூடாக்கிக் குடி. நான் அக்கா ஜானெல் வீட்டுக்குப் போகிறேன். கால்விரல் இரண்டு முறிந்திருக்கிறதாம். மூன்று வாரம் நடக்கக் கூடாதாம்.

நேற்று அலமாரி சரிந்து உன் செப்புக் காசு வாளி என் காலில் விழுந்ததும், ஓடிவந்து நீ கேட்டது, "வாளி உடைஞ்சிடுச்சா?" முப்பத்தொரு வருடம் உன்னோடு வாழ்ந்தவள் தரையில் கிடந்தேன். நீ குனிந்து காசு பொறுக்கினாய்.

"ஒரு சென்ட் காசுல ரெண்டு சென்ட்டுக்கு மேல செம்பு இருக்கு, லுவெல்லா" என்று பதினோரு வருடமாகச் சொல்கிறாய். உருக்கினால் சட்டப்படி குற்றம். உருக்காவிட்டால் அது வெறும் ஒரு சென்ட்தான்.

அதனால் இன்று காலை அக்காவை வரவழைத்து, அவள் காரில் போய் ஆறு வாளியையும் வங்கியில் கொடுத்து மாற்றிவிட்டேன். வந்த பணம் எக்ஸ்ரேவுக்குக்கூடப் போதவில்லை.

நாய்க்கு மாத்திரை கொடுக்க மறந்துவிடாதே.

லுவெல்லா

பி.கு.: வங்கியில் இருந்த பெண், "எல்லாமே பழைய செப்புக் காசா இருக்கே, எடுத்து வச்சா பின்னால நல்ல விலை வருமே" என்றாள். "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்றாரு கண்ணு, நீ எண்ணு" என்றேன்.